காற்று மேலே போகிற இடம்

தச்சருக்கு நேர்கோடு என்றால் உயிர். இருபது வருடமாக மேசையும் அலமாரியும் இழைத்தவர். வடக்கே, கடலுக்கு அக்கரையில் ஒரு பழைய பாய்மரப் படகு மலிவாகக் கிடைத்தது. பள்ளி விடுமுறையில் மனைவியோடு போய் அதை வீட்டுக்கு ஓட்டிவரக் கிளம்பியபோதும், கடல் வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

மனைவி பூகோள டீச்சர். நிலநடுக்கோட்டுப் பக்கம் காற்றில்லாத பட்டை ஒன்று குறுக்கே கிடக்கிறது, மேற்கே தள்ளிப் போனால் அது ஒடுங்கியிருக்கும், முந்நூறு மைல் சுற்றினாலும் நமக்கு லாபம்தான் என்று படித்துப் படித்துச் சொன்னார். கிட்டத்து வழியை விட்டுவிட்டு எவனாவது சுற்றுவானா என்று தச்சர் ஒரே பிடியாக நின்றார். டீச்சர் மேற்கொண்டு வாதாடவில்லை. சாப்பாட்டுச் சாமானும் தண்ணீரும் மட்டும் பத்து நாளைக்குக் கூடுதலாக ஏற்றினார்.

ஒன்பது நாள் வடகிழக்குக் காற்று படகை நிற்கவிடாமல் தள்ளியது. தச்சர் சீட்டியடித்தபடி சுக்கான் பிடித்தார். பத்தாம் நாள் பாய் துவண்டது. எஞ்சினுக்கு இருந்த டீசலோ துறைமுகத்துக்குள் நுழையத்தான் காணும். வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. காலையில் வீசிய உருளைக்கிழங்குத் தோல் சாயங்காலம் வரை படகை விட்டு நகரவில்லை.

மூன்று நாள் இப்படி. டீச்சர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் தச்சருக்குத் தாங்கவில்லை.

"சொல்லித் தொலையேன்" என்றார்.

"என்னத்த?"

"'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க சூரியன் நேரா சுடுது. சுட்ட காத்து மேலதான் ஏறும். அந்த இடத்தை நிரப்பத்தான் ரெண்டு பக்கத்துலேருந்தும் காத்து ஓடி வருது. நம்மளத் தள்ளிட்டு வந்ததும் அதுதான். இங்க வந்ததும் அதுவும் மேல போயிடுது."

தச்சர் அண்ணாந்து பார்த்தார். தூரத்தில் ஒரு கருமேகம் அடுக்கடுக்காக எழும்பிக்கொண்டிருந்தது. அதன் அடியில் மட்டும் தண்ணீர் சிலிர்த்திருந்தது.

"அப்போ அதுக்குக் கீழ காத்து இருக்கணுமே?"

"இருக்கும். அரைமணி அடிச்சுட்டு ஓஞ்சிடும்."

"அரைமணி போதும்."

அதற்குப் பிறகு மேகம் துரத்துவதே வேலையாயிற்று. ஒன்று கிழக்கே இழுத்தது, இன்னொன்று மேற்கே. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மைல் கொடுத்தது, கூடவே குடம்குடமாக மழையும். தச்சர் தலை நிறையச் சோப்புப் போட்டுக்கொண்டு நின்ற நேரத்தில் ஒரு மழை பட்டென்று நின்றுபோனது. அடுத்த மேகம் வரும்வரை நுரையும் எரிச்சலுமாக அவர் சுக்கான் பிடிக்க, டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மேகம் துரத்தத் தொடங்கிய ஐந்தாம் நாள் விடியும்போது இடக்கன்னத்தில் சில்லென்று பட்டது. தென்கிழக்குக் காற்று, சீராக, விடாமல். பாய் புடைத்தது. தச்சர் மனைவியை எழுப்பவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

படகு ஒரு வாரம் தாமதமாகத்தான் துறைமுகம் சேர்ந்தது. தவித்துப்போய்க் காத்திருந்த மச்சினன் கயிற்றைப் பிடித்துக் கட்டியபடி, "ஏன் மாமா இத்தனை நாளு?" என்று கேட்டான்.

டீச்சர் வாயைத் திறக்குமுன் தச்சர் முந்திக்கொண்டார்.

"உங்க அக்கா பேச்சைக் கேக்கல."