சாத்தின கதவு

தங்கச்சி மறுபடியும் புரண்டு படுத்தா. அக்காவுக்குப் பொறுமை போச்சு.

"என்னடி, படுக்கையில எறும்பா?"

"அக்கா, தூங்கிட்டியா?"

"தூங்குறவ பேசுவாளா? சொல்லித் தொலை."

"நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகல."

அக்கா எழுந்து உக்காந்துட்டா. சீர்திருத்த இல்லத்துல இருந்து தங்கச்சி வந்தே ஒரு வாரம்தான். ஒழுங்கா ஸ்கூலுக்குப் போகணும்னு கண்டிஷன் போட்டுத்தான் விட்டிருக்காங்க. மட்டம் போட்டா மறுபடி உள்ளதான்.

"அம்மா உசுரையே விட்டுடுவாங்க. என்னடி ஆச்சு?"

தங்கச்சி போர்வைய வாய் வரைக்கும் இழுத்துக்கிட்டு, சுவத்துகிட்ட சொல்ற மாதிரி சொன்னா. மத்தியானம் பாத்ரூம் போயிட்டு வந்தா, வகுப்புக் கதவு சாத்தியிருந்துது. இல்லத்துல பொண்ணுங்க கதவைத் தொடவே கூடாது. கைய பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கணும், வார்டன் வந்துதான் திறப்பாங்க. தட்டினா தண்டனை. பழக்க தோஷம், இங்கயும் அப்படியே நின்னுட்டா. மணி அடிக்கிற வரைக்கும். கணக்கு டீச்சர் வெளிய வந்து, "மகாராணிக்கு உள்ள வர மனசில்லையோ?"ன்னு கேட்டுட்டு ஆப்சென்ட் போட்டுட்டாங்க.

"பூட்டியா இருந்துது?"

"இல்ல, சும்மா சாத்தித்தான் இருந்துது."

"அடிப்பாவி! தள்ளினா திறந்திருக்குமே!"

"தெரியும்க்கா. கை வரல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துது. தங்கச்சி மூஞ்சியப் பாத்ததும் அடக்கிக்கிட்டா.

"டீச்சர்கிட்ட இதையே சொல்லேன்."

"நான் எங்கேர்ந்து வந்தேன்னு ஹெச்.எம்.முக்கு மட்டும்தான் தெரியும். எல்லார்கிட்டயும் அத்தை வீட்ல படிச்சேன்னு அளந்து வெச்சிருக்கேன்."

"சொல்லலன்னா அது மட்டம் போட்ட கணக்குதானே?"

ரெண்டு பேருக்கும் பொட்டுத் தூக்கம் இல்லாமலே விடிஞ்சுது.

காலையில தங்கச்சி டீச்சர்ங்க ரூமுக்குப் போய், கணக்கு டீச்சர் முன்னாடி ஒரே மூச்சுல எல்லாத்தையும் கொட்டிட்டா. டீச்சர் பேனாவ மூடினாங்க, திறந்தாங்க, மறுபடி மூடினாங்க.

"நேத்தே சொல்லக் கூடாதாம்மா?"

ஆப்சென்ட்ட அடிச்சு மாத்திட்டாங்க. அப்பதான் இவளுக்கு மூச்சே வந்துது. திரும்பினா, சாக்பீஸ் வாங்க வந்த பக்கத்து பெஞ்சுக்காரி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறா.

"அப்போ உங்க அத்தை?"

"பொய்."

அவ சாக்பீஸ அள்ளிக்கிட்டு வகுப்பப் பாத்து ஓடினா. இவளும் செருப்பு தடுக்கத் தடுக்கப் பின்னாடியே ஓடினா. அவ வாயத் திறக்குறதுக்குள்ள எல்லார்கிட்டயும் தானே சொல்லிடணும்.