கமீலாவுக்கு ஒரு மெனு

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. இதில் மறுபேச்சே கிடையாது. வாப்பா எப்பாடுபட்டாவது சுவரை எழுப்பிக் கூரை போட்டுவிடுவார், மகள் அதில் குடியிருப்பாள், மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து சேருவார். வந்தவரை ராசா மாதிரித்தான் கவனிப்பார்கள். ஆனால் அந்த ராசாவுக்குச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக் கை வராது. அடிக்கக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், அதுதான் வேடிக்கை.

மருதமுனை றாஸிக் நிந்தவூருக்கு மாப்பிள்ளையாகப் போனபோது, சூட்கேசுக்குள் துவாயில் சுற்றிய ஒரு விளையாட்டுப் பெட்டியும் கூடப் போனது. புத்தகம் மாதிரி விரிகிற, மேலொன்று கீழொன்றாய் இரண்டு திரை வைத்த பழைய நின்டெண்டோ. கல்முனையில் உழவு மெசின் உதிரிப்பாகக் கடையில் நிற்கும் முப்பது வயது ஆம்பிளைக்கு இது தேவையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவன் அதில் விளையாடியது குறைவு. அதன் மெனுவை மாற்றியமைப்பதுதான் அவனுக்கு விளையாட்டு.

கம்பெனி போட்டு அனுப்பிய மெனுவை ஓரமாக வைத்துவிட்டு, உலகத்தின் மூலைமுடுக்கில் இருக்கிற ஆர்வக்காரர்கள் எழுதிச் சும்மா கொடுக்கிற மெனுவை மெமரி கார்டில் போட்டு ஓட்டலாம். ஹோம்ப்ரூ என்பார்கள். அதில் நிறம், படம், சத்தம், எழுத்து, எந்தப் பொருள் எந்த இடத்தில் என்பதெல்லாம் அவரவர் இஷ்டம். நிந்தவூர் வீட்டில் மின்விசிறி எப்போதும் இரண்டில்தான் சுற்றும். றாஸிக்குக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், ஆனால் அவன் அந்தக் குமிழைத் தொட்டதே இல்லை. பெட்டியைத் திறந்தால் மட்டும் எல்லாவற்றையும் இழுத்துப் பறித்துத் தன் விருப்பப்படி வைப்பான்.

கலியாணம் முடித்த புதிதில் கமீலாவும் அவனும் இரண்டு அந்நியர்கள். என்ன கதைப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் அவன் பெட்டியை எடுத்தான். அவள் நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தாள். பின்னணிக்கு ஒலுவில் கடற்கரை வெளிச்சவீட்டுப் படத்தைப் போடச் சொன்னது அவள்தான். மெனு ஏன் இங்கிலீசில் கிடக்கிறது, தமிழில் வராதா என்று கேட்டதும் அவள்தான்.

வந்தது, ஆனால் கோணலாக வந்தது. தமிழ் எழுத்துருவை ஏற்றி, 'வெளியேறு' என்று எழுதினால், கொம்பு 'வ'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. கமீலா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கொம்பப் பாருங்க மச்சான். எழுத்துக்குப் பின்னால போய் ஒட்டிக்கிட்டு நிக்கிது. எங்கட ஊரு மாப்பிள்ள மாதிரி!"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவள் தன் பொண்டாட்டி என்பது அவனுக்கு உறைத்தது.

பிறகு கமீலாவுக்குக் கட்டாரில் ஓர் ஆசுபத்திரியில் தாதி வேலை கிடைத்தது. படித்த படிப்பை வீணாக்கலாமா, போ என்று அவன்தான் முதலில் சொன்னான். அவள் போனாள். பொண்டாட்டி இல்லாத பொண்டாட்டி வீட்டில் றாஸிக் தங்கினான்.

வீட்டில் மிச்சம் இருந்தது மாமி சுபைறா. மாமா எப்போதோ மௌத்தாகிவிட்டார். மாமி நல்ல மனுசி. கடையால் வந்தால் சோறு மூடியிருக்கும், குடிக்கத் தண்ணீர் பக்கத்தில் இருக்கும். ஆனால் மருமகனோடு முகத்துக்கு முகம் பார்த்துக் கதைப்பதற்கு அவவுக்கு வெட்கம். அறைத் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "மகன், சாப்பிட்டயளா?" என்பா. "ஓம் மாமி" என்பான். ஒரு நாளைக்கு அவன் அந்த வீட்டில் கதைக்கிற கதை பெரும்பாலும் அவ்வளவுதான். தனிமை என்றால் ஆளில்லாத இடம் என்று நினைத்திருந்தான். ஆள் இருக்கிற வீட்டிலும் அது தாராளமாகக் கிடைத்தது.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு லீவில் வருவதாகக் கமீலா சொன்னதும் அவனுக்கு ஒரு வேலை வந்தது. மாமி வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பிக்க, அவன் மெனுவுக்கு அடித்தான். அவள் வந்து பெட்டியைத் திறக்கும்போது ஒரு கொம்புகூடப் பிழையாக நிற்கக்கூடாது. அந்த மெனுவுக்கு எழுத்தை முன்பின் மாற்றிப் போடத் தெரியாது, கொடுத்த வரிசையிலேயே காட்டும். ஆகவே கோப்பில் கொம்பை முதலில் எழுதி, எழுத்தைப் பிறகு எழுதவேண்டும். கணினியில் பார்த்தால் கொம்பு ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு அநாதையாக நிற்கும். பெட்டியில் போட்டால் ஒழுங்காக வந்துவிடும். பிழையாக எழுதினால்தான் சரியாகத் தெரியும் என்பதை ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு வரியாக அவன் செய்தான். 'தேடு', 'தொடங்கு', 'திரும்பிப் போ', 'வெளியேறு'. பெட்டிக்காரரின் பெயர் வருகிற மூலையில் 'றாஸிக்' என்றிருந்ததை அழித்து 'கமீலா' என்று போட்டான். இவ்வளவு சந்தோசமாக அவன் எந்த வேலையும் செய்ததில்லை.

கடைசி வரியையும் முடித்துவிட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்த நேரம், திரைக்கு அப்பால் மாமியின் நிழல் வந்தது.

"மகன், கமீலா இப்பதான் கோல் எடுத்த. லீவு குடுக்கல்லையாம். ஒப்பந்தத்த இன்னும் நீட்டிட்டாங்களாம்."

றாஸிக் பெட்டியை மூடினான். வரவில்லை என்பது ஒரு வலி. அது தனக்கு இரண்டாவதாகச் சொல்லப்பட்டது அதைவிடப் பெரிய வலி.

"ஒங்கள்ட்டச் சொல்ல அவக்கு மனம் வரல்லையாம்," என்றா மாமி, அது புரிந்தவ போல. "பெருநாளைக்கி எங்கட தங்கச்சியாக்கள் புள்ளையளோட வந்து நிக்கப்போறாங்க. ஒங்களுக்கும் இஞ்ச தனியக் கிடந்து கரைச்சல். நாலு நாளைக்கி ஒங்கட ஊட்ட போய் இருந்திட்டு வாங்களன் மகன்."

ஊடு என்றால் வீடு. 'ஒங்கட ஊடு' என்று மாமி பாசத்தோடுதான் சொன்னா. அவன் அந்த அறையைப் பார்த்தான். கமீலா உடுத்திவிட்டுப் போன சீலை இன்னும் கொடியில் கிடந்தது. சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே, எப்போதும் புறப்படத் தயாராக.

மருதமுனையில் அவன் பிறந்து வளர்ந்த வீடு இப்போது தங்கச்சி முஸ்பிறாவுடையது. அவன் படுத்த அறையில் அவளுடைய மாப்பிள்ளை முஸ்தாக்கின் சேட்டுகள் தொங்கின. றாஸிக்குக்குக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சேட்டுக்காரனும் தன்னைப் போல ஒருவன்தானே. முன் அறையில் புதுப் பெட்சீட் விரித்துக் கொடுத்தார்கள். உம்மா, விருந்தாளிகளுக்கு எடுக்கிற கோப்பையில், சோசரோடு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. பக்கத்தில் தட்டில் பிஸ்கட். சின்னதில் அவன் குடித்த தகரக் கோப்பையைக் கேட்கலாமா என்று நினைத்தான், வாய் வரவில்லை.

அவன் குடித்து முடிக்கும்வரை உம்மா பக்கத்திலேயே இருந்து, தலையைத் தடவி, மெலிந்துபோனாய் என்று கவலைப்பட்டா. பிறகு கேட்டா:

"ஒங்கட ஊட்ட எப்ப மகன் போறீங்க?"

றாஸிக் கோப்பையைச் சோசரில் வைத்தான். "பெருநாள் முடியட்டும் உம்மா," என்று சொல்லிவிட்டு எழும்பினான். பெட்டியைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனான்.

அசர்த் தொழுகைக்குப் பிந்திய பின்னேர வெயில். தோணிகள் மணலில் ஏறிக் கிடந்தன. ஒன்றின் நிழலில் குந்திக்கொண்டு கமீலாவுக்கு வீடியோ கோல் எடுத்தான். அவளைத் திட்டவேண்டும் என்றுதான் எடுத்தான். அவளுடைய முகம் தெரிந்தது, அதற்குப் பின்னால் மிகக் கிட்டத்தில் ஒரு கூரை.

"கோவமா மச்சான்?"

"இல்ல. நான் அங்க வரட்டா கமீலா? ஏதும் ஒரு வேல பார்ப்பன். ஒன்னோட இருக்கன்."

அவள் கெமராவைத் திருப்பினாள். இரும்புக் கட்டில்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. அவள் இருந்தது மேல்கட்டிலில். எழும்பி உட்கார்ந்தால் தலை முட்டும். கீழே யாரோ போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள்.

"எனக்கே இஞ்ச ஒரு கட்டில்தான். அதுவும் ராவேலைக்காரி ஒருத்தி வந்தாக் குடுக்கோணும்."

போன நாளிலிருந்து ஒருதடவைகூட, நீ எங்கே படுக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. சாப்பிட்டியா, சம்பளம் வந்ததா, எப்போது வருகிறாய், இவ்வளவுதான் கேட்டிருக்கிறான். அவனுக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது.

சேட்டுப் பைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்துத் திறந்து, போனுக்கு முன்னால் பிடித்தான். வெளிச்சவீடு தெரிந்தது. மூலையில் அவளுடைய பெயர். ஒவ்வொரு சொல்லாக நகர்த்திக் காட்டினான். அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி வாய்விட்டு வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய குரல் உடைந்தது.

"இவ்வளவையும் நீங்களா செஞ்ச?"

"ஓம்."

"மச்சான், ஆரும் வாற ஆளுட்ட அதக் குடுத்தனுப்பேலுமா? படுக்கக்குள்ள வச்சுப் பார்த்துக்கிட்டுக் கிடக்கலாம். இஞ்ச எனக்கெண்டு ஒண்டுமில்ல."

அவன் திடுக்கிட்டான். அந்தப் பெட்டி போய்விட்டால் அந்த அறையில் அவன் என்ன செய்வான், திரைக்கு இந்தப் பக்கம் எதைப் பார்த்துக்கொண்டிருப்பான்? அலை வந்து தோணியைத் தொட்டுவிட்டுப் போனது.

"அனுப்புறன்," என்றான். "எங்கட கடைக்காரர்ர மருமகன் பெருநாள் முடிய அங்க போறார். அவர்ட்டக் குடுத்துவிடுறன்."

"அப்ப ஒங்களுக்கு?"

"எனக்கென்ன," என்றான் றாஸிக். "ரெண்டு ஊடு கிடக்குத்தானே."

கமீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அதை நம்பிவிட்டாள். நம்பட்டும் என்று அவன் விட்டுவிட்டான்.