வெங்கடேசனைக் கூப்பிட்ட பாட்டு

பாட்டாவதற்கு முன்னால் அது ஒரு தாயின் கூப்பாடாகத்தான் இருந்தது. காவாந்தண்டலத்தில் பொழுது சாயும் நேரம் ராணியம்மாள் தெருமுனைக்குப் போய் நிற்பாள். "வெங்கடேசூ... சோறு ஆறுதுடா... வாடா..." கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நின்று பார்ப்பாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள். தெருவில் யாரும் அதைக் கேலி செய்ததில்லை. மூத்த பிள்ளை அப்பனோடு சண்டை போட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். போன இடம் தெரியவில்லை. பெற்றவள் கூப்பிடுகிறாள், அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அவன் போன மறுவருஷமே அப்பா பெருமாள் மாரடைப்பில் போய்விட்டார். மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை இளையவன் சுகுமார் வைத்தான். அன்று சாயங்காலம்கூட ராணியம்மாள் தெருமுனைக்குப் போனாள்.

சுகுமார் கிதார் வாசித்துப் பாடுபவன். கல்லூரியில் கூடப் படித்த இளமதி கீபோர்டு, உத்திரமேரூர் கடைத்தெருவில் சிமெண்டுக் கடை வைத்திருக்கும் கிதர் முகம்மதுவின் மகன் ஆசாத் டிரம்ஸ். மூன்று பேர் சேர்ந்த பேண்டுக்கு 'மதகு' என்று பேர். கடைக்கு மேலே இருந்த கிடங்கில்தான் வாசிப்பார்கள். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது நிறுத்துவார்கள், முடிந்ததும் மறுபடி ஆரம்பிப்பார்கள்.

"டேய், நீங்க இடிக்கிற இடியில மூட்டையில கீற சிமெண்டு அங்கயே கட்டியாய்டும்டா!" என்று கீழேயிருந்து கத்துவார் கிதர் முகம்மது. "இன்னா பேஜாரா போச்சு உங்களோட!" கத்தி முடித்ததும் மூன்று டீ மேலே வரும்.

எத்தனையோ பாட்டுப் போட்டார்கள், ஒன்றும் எடுபடவில்லை. ஒரு நாள் சுகுமார், அம்மாவுக்குத் தெரியாமல் செல்போனில் பதிந்த அந்தக் கூப்பாட்டை இருவருக்கும் போட்டுக் காட்டினான். ஆசாத் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். இளமதி அதை இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இதுக்கு மேல நாம எதுவும் வாசிக்கக் கூடாதுடா. அவங்க கூப்பிடறப்ப மூணு பேரும் நிறுத்திடணும்."

அப்படித்தான் செய்தார்கள். கிதார் கரகரத்து ஏறி, டிரம்ஸ் இடித்து, எல்லாம் சட்டென்று அடங்கும். அந்த அமைதியில் ராணியம்மாள் குரல் மட்டும் எழும்.

வெளியே விடுவதற்கு முன்னால் சுகுமார் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவன் காதுல வுழுமாடா?"

"வுழும்மா."

"அப்ப வுடு."

முதலில் காஞ்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். பிறகு சென்னை கேட்டது. அதன்பின் யார் கையிலும் அது நிற்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஓடியது, பஸ்ஸில் ஓடியது. பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் வாசலில் ஸ்பீக்கர் கட்டி நாள் முழுக்க அதையே போட்டார். கல்யாண வீடுகளில் பந்திக்குக் கூப்பிட அந்த இடத்தை மட்டும் வெட்டிப் போட்டார்கள். வெங்கடேசன் என்று பேர் வைத்திருந்த பாவப்பட்டவர்களாலெல்லாம் ஆபீசில் தலைகாட்ட முடியவில்லை. சேனல்காரர்கள் வந்து பேட்டி எடுத்தார்கள். "உங்க அண்ணன் இப்ப எங்க இருக்கார்?" என்று கேட்டபோது சுகுமார் ஒளிக்காமல் சொன்னான்: "தெரியல. எங்க நைனா செத்ததுகூட அவருக்குத் தெரியாது."

பாட்டு இத்தனை பேர் காதில் விழுந்த பிறகு அண்ணன் காதில் மட்டும் விழாமல் போகுமா? அந்த ஒரு நினைப்பில்தான் அவன் எல்லா மேடையும் ஏறினான். யாரும் வரவில்லை. நான்தான் வெங்கடேசன் என்று யார் யாரோ போன் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

ஒரு சாயங்காலம் ராணியம்மாள் வழக்கம்போலத் தெருமுனைக்குப் போனாள். "வெங்கடேசூ..." என்றுதான் ஆரம்பித்தாள். பம்புசெட்டுத் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த விடலைகள் ஒரே குரலாக, "தோ வந்துட்டேம்மா! கொளம்பு இன்னா?" என்றார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. பாட்டைக் கேட்டால் எல்லோரும் சொல்கிற பதில்தான் அது. ராணியம்மாள் திறந்த வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

சுகுமாருக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் மிச்சமிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான், அதையும் எடுத்து ஊருக்குக் கொடுத்துவிட்டோமே என்று அவளிடமே புலம்பினான்.

"நீ இன்னாடா பண்ணுவ," என்றாள் அவள். "நான்தானே வுடுன்னு சொன்னேன்."

கொஞ்ச நாள் கழித்து, ஒரு மத்தியானம், வீட்டில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் சுகுமாருக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"சுகு." அந்தக் குரலை வேறு யாரும் போட முடியாது.

"அண்ணா! எங்கணா கீற?"

"ஓசூர்ல. கம்பெனி கேண்டீன்ல. துன்னுக்கினு இருந்தேன், டிவில உன் பேட்டி ஓடிச்சு. நைனா செத்ததை டிவி பாத்துத் தெரிஞ்சிக்கினேன்டா."

சுகுமார் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"இங்க யாருக்கும் நான்தான் அந்த வெங்கடேசன்னு தெரியாது. தட்டை எடுத்துக்கினு போறப்ப என் பின்னாலயே அந்தப் பாட்டைப் பாடறானுங்க. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அன்னைக்குப் பையை எடுத்துக்கினு தெருமுனை வரைக்கும் மெதுவாத்தான் போனேன். அம்மா வாசல்லதான் நின்னுச்சு. ஒரு தபா கூப்டுச்சா? கூப்ட்டிருந்தா திரும்பியிருப்பேன்டா. அன்னைக்குக் கூப்டாதது, இப்ப ஊரு கேக்கறதுக்குக் கூப்புடுதா?"

சுகுமார் போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மா முன்னால் வைத்தான். பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் முன்பே கேட்டுவிட்டாள்.

"டேய் வெங்கடேசு. பையை எடுத்துக்கினு படி எறங்குறவனை எவளாவது பின்னால கூப்புடுவாளாடா? கூப்ட்டா போற காரியம் வெளங்குமா? சண்டை போட்டாலும் எங்கியோ வேலைக்குத்தான் போறான், நல்லபடியா போவட்டும்னு பல்லைக் கடிச்சிக்கினு நின்னேன்டா. நீ தெருமுனையில திரும்பிப் பாப்ப, அப்ப கைகாட்டிக் கூப்புடலாம்னு நின்னேன். நீ பாக்கவேயில்லையே கண்ணு."

நம்ம பக்கத்தில் அது எல்லாத் தாயும் செய்வதுதான். வழியில் இறங்கினவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டு நிறுத்துவது அபசகுனம். அவனுக்கும் அது தெரியாததல்ல. ஆனால் கோபத்தில் போகிறவனுக்கு அது எங்கே ஞாபகம் வரும்?

"வந்துடுடா," என்றாள்.

"எப்டிமா வர்றது? தெருவுல காலை வெச்சா ஒவ்வொருத்தனும் செல்போனைத் தூக்கிக்கினு வந்து நிப்பான். அப்பனுக்குக் கொள்ளி வெக்காத பாட்டுக்கார வெங்கடேசன் வந்துட்டான்னு போட்டு வுட்டுடுவானுங்க. அது நடுவுல நைனா படத்துக்கு முன்னால நான் எப்டிமா நிப்பேன்?"

ராணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "வர்ற ஞாயித்துக்கெழமை உத்திரமேரூர்ல தம்பி கச்சேரி. நம்ம தெரு மொத்தமும் வேன் வெச்சிக்கினு போவுது. ஊர்ல நாய்கூட இருக்காது. அன்னிக்குப் பொழுது சாய வா. நான் மேலுக்கு முடியலைன்னு வூட்லயே இருந்துக்கறேன். உள்ள வந்து நைனாவைக் கும்புட்டு, ஒரு வாய் துன்னுட்டேன்னா, அப்புறம் யாரு இன்னா கேட்டா இன்னாடா?"

"சுகு இருக்க மாட்டானே."

"நான் பாடிக்கினு இருப்பேன்ணா," என்றான் சுகுமார். "நீ வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தனையும் ஊருக்குத் திரும்ப வுடமாட்டேன். அம்மா, அவரு வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு."

ஞாயிற்றுக்கிழமை மைதானம் கொள்ளவில்லை. காவாந்தண்டலத்து வேன்கள் ஓரமாக வரிசை கட்டி நின்றன. சுகுமார் செல்போனை ஸ்பீக்கர் பெட்டிமேல் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டான். இருந்த பாட்டெல்லாம் பாடினார்கள். எல்லோரும் காத்திருந்த பாட்டையும் பாடினார்கள். செல்போன் இருட்டாகவே கிடந்தது.

"முடிச்சிக்கலாமாடா? தொண்டை போயிடும் உனக்கு," என்றாள் இளமதி. அவளுக்கும் ஆசாத்துக்கும் மட்டும் விஷயம் தெரியும்.

"இன்னும் வரலை."

கீழே காவாந்தண்டலத்துக்காரர் ஒருவர் எழுந்து வேட்டியை உதறினார். வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். பஸ் தாமதமா, இல்லை தெருமுனை வரைக்கும் வந்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டானா? சுகுமாருக்குக் கை வேர்த்துக் கம்பி வழுக்கியது. ஆசாத்தைப் பார்த்தான். ஆசாத் ஒன்றும் கேட்காமல் அதே பாட்டை மறுபடி அடித்துத் தொடங்கினான். ஜனம் ஓவென்று கத்தியது. எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு முடிந்தது. மறுபடியும் முதலிலிருந்து. சுகுமார் குரல் உடைந்து போயிருந்தது. அதைக் கேட்டுக் கூட்டம் இன்னும் உருகியது. மூன்று பேரும் நிறுத்த வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் செல்போன் ஒளிர்ந்தது. 'அம்மா' என்று காட்டியது. ஒளிர்ந்து, அணைந்தது.

ஆசாத்தின் கை, ராணியம்மாள் குரலை விடும் பட்டனுக்குப் போனது. சுகுமார் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். கூட்டம் காத்திருந்தது, குரல் வரவில்லை. ஒரு நொடி கழித்து ஆயிரம் பேரும் தாங்களாகவே கூப்பிட்டார்கள்: "வெங்கடேசூ... சோறு ஆறுதுடா... வாடா..."

சுகுமார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கிதாரை மார்போடு அணைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி, அவர்கள் கூப்பிட்டு முடிக்கும் வரை நின்றான். பிறகு, வீட்டில் அண்ணன் சாப்பிட்டு முடிக்க நேரம் வேண்டுமே என்று அடுத்த அடியைத் தொடங்கினான்.