மூன்றாம் பீரங்கியின் கதவு

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை, பட்டாலியன் கதை கேட்காமல் நான் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. அவருடைய பீரங்கிப் பட்டாலியன் எந்த மழையில் எந்த மலையேறியது, லாரி ஏறமாட்டேன் என்று அடம்பிடித்த சரிவில் பீரங்கியை எப்படிக் கயிறு கட்டி இழுத்தார்கள், ஆற்றங்கரைச் சண்டையில் மூன்றாம் பீரங்கி நாள் முழுக்க எப்படி வாய் ஓயாமல் சுட்டது, எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் பாதியில் நிறுத்தினால் மீதியை நானே சொல்லிவிடுவேன். "அதுக்குக் குறி வச்சது யாரு? நான்தான்" என்று ஒவ்வொரு கதையும் முடியும்.

"குறி வச்ச ஆளுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியல" என்று சீண்டுவேன். சிரித்துக்கொள்வார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கதை கேட்க நான் இருக்கிறேன், சொல்லத்தான் ஆளில்லை.

அப்போதுதான் அழைப்பு வந்தது. பட்டாலியனைக் கலைக்கப்போகிறார்கள், அதற்கு முன் அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். மூன்றாம் பீரங்கியோடு அதன் பழைய ஆட்களை நிற்கவைத்துப் படம் எடுப்பார்களாம், அவருடைய இடத்தில் நான் நிற்க வேண்டுமாம். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. குறி வைத்தவர் அவர்தான் என்று அந்தப் புத்தகத்தில் அச்சாக வேண்டும்.

முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே கூச்சல். சண்டையோ என்று பயந்தேன். யாருக்கும் காது சரியில்லை, அவ்வளவுதான். சர்க்கரை வேணுமா என்பதைக்கூடச் சுட உத்தரவு போடுவதுபோல் கேட்டார்கள். மூன்றாம் பீரங்கியின் ஆட்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஒட்டகம், உயரத்துக்காக வந்த பெயர். இன்னொருவர் குட்டை, குண்டு தூக்கிக் கொடுத்தவர். அவர் பெயருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் அவர்களுக்கு வக்கீல். வாய்க்காக வந்த பெயர்.

ஒட்டகம் என்னைத் தன் இடப்பக்கம் உட்காரவைத்தார். "அந்தப் பக்கம் வேணாம் அண்ணி. வலது காது சுத்தமா போச்சு."

"பீரங்கியை ஒட்டி இருக்கிற காதுதான் போகும்" என்றார் குட்டை. "இடது பக்கம் நின்னவனுக்கு வலது காது, வலது பக்கம் நின்னவனுக்கு இடது காது. நான் பின்னால நின்னேன், ரெண்டும் பாதிப் பாதி. பொண்டாட்டி பேசுறதுல பாதி கேட்டாப் போதாதா?"

நானும் சேர்ந்து சிரித்தேன்.

புத்தக வேலையைப் பார்க்கும் அதிகாரி ஒரு இளம்பெண். பழைய காகிதமெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டதாம். "யார் எங்க நின்னீங்கன்னு நீங்க சொல்றதுதான் சார் இனிமே வரலாறு" என்று சொல்லி எங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போனாள்.

மூன்றாம் பீரங்கி புது வர்ணத்தில் நின்றது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் மாமியார், சும்மா இருக்கும்போதும் முறைக்கும் என்பதால். இத்தனை வருஷம் காதால் கேட்டதை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன். தொட்டேன். வெயிலில் சூடேறியிருந்தது. அவர் இல்லாமல் இதைப் பார்க்கிறோமே என்று அழுகை வந்தது.

ஒட்டகம் என்னைப் பீரங்கியின் இடது பக்கம் நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடிக் குழலைக் காட்டினார். "இங்க நில்லுங்க அண்ணி. இதுல பாத்துதான் வக்கீல் குறி வைப்பான்." பிறகு சுற்றிப் போய் வலது பக்கம் நின்றுகொண்டார். அதிகாரி எழுதிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. குனிந்து அந்தக் குழலில் பார்த்தேன். பீரங்கி என் வலது தோளை ஒட்டி இருந்தது.

நிமிர்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு வலப்பக்கம்தான் நடந்தேன், வலப்பக்கம்தான் படுத்தேன். அவருக்குப் போன காது இடது காது. வலது காது போனது ஒட்டகத்துக்கு.

"அண்ணே, குறி வச்சது நீங்கதானே?"

"என்ன அண்ணி? கேக்கல."

"நல்லாக் கேக்கும். நான் உங்க நல்ல காதுப் பக்கம்தான் நிக்கிறேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவன் உங்ககிட்ட அப்படித்தான் சொல்லியிருந்தான். உங்க வீட்டுல டீ குடிச்சுக்கிட்டே நானும் கேட்டிருக்கேன். போன மனுஷனைப் பொய்யனாக்க மனசு வரல அண்ணி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது வருஷமாக ஒரே பொய், அதுவும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. ஆள் எதிரில் இருந்தால் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். எதிரில் இல்லையே.

"அப்ப அவர் என்னதான் பண்ணினார்?"

"கதவு" என்றார் குட்டை. "குண்டு உள்ள போனதும் பின்கதவை மூடுற வேலை. அதை வச்சுப் பொண்டாட்டிகிட்ட எப்படிப் பெருமையடிக்கிறது?"

ஒட்டகம் சிரிக்கவில்லை. "அது சரியா மூடலன்னா நெருப்பு எங்க மேலயே திரும்பும். ஒருத்தன் மிஞ்ச மாட்டான். வக்கீல் அறைஞ்சு மூடுவான், உள்ளங்கையால ஒரு தட்டுத் தட்டிப் பாப்பான், 'ஆச்சு'ன்னு சொல்வான். அதைக் கேட்டாத்தான் நான் சுடுவேன். ஆத்தங்கரையில அத்தனை களேபரத்துலயும் ஒரு தடவைகூட அவன் அதை விட்டதில்ல."

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். வாசல் கதவு, அலமாரிக் கதவு, குளியலறைக் கதவு, எதையும் அவர் மெதுவாக மூடியதில்லை. டமாலென்று ஒரு அறை, ஒரு தட்டு, ஒரு 'ஆச்சு'. கடைசிக் காலத்தில் மாத்திரை டப்பாவின் மூடிக்குக்கூட அதே மரியாதைதான். 'கதவு எங்கயும் ஓடிப்போயிடாது, விடுங்க' என்று நான் கத்தாத நாளில்லை. இரண்டு வருஷமாக என் வீட்டில் எந்தக் கதவும் சத்தம் போடவில்லை.

சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தேன். "இது என் வீட்டுக்காரர் இடம் அண்ணே. நீங்க உங்க இடத்துக்குப் போங்க."

அதிகாரி எழுதியதை அடித்தாள். "என்னன்னு எழுதட்டும்மா?"

"கதவு மூடினவர்னு எழுதும்மா. மூணாம் பீரங்கி ஆளுங்க எல்லாரும் வீட்டுக்குத் திரும்பி வந்தாங்கன்னு அதுக்குப் பக்கத்துலயே எழுது."

ஒட்டகம் தன் பழைய இடத்துக்குப் போய்க் குழலில் கண்ணை வைத்துக் குனிந்தார். குட்டை பின்னால் நின்றார். படம் எடுப்பவர் யாரும் அசையக்கூடாது என்றார். நான் கேட்கவில்லை. கதவின் இரும்புப் பிடியைப் பிடித்து இழுத்தேன். நன்றாக எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள், டமாலென்று மூடிக்கொண்டது. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன்.

ஒட்டகம் நிமிரவில்லை. காத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இருந்தது அவருடைய செவிட்டுக் காது. அதனால் மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னேன்.

"ஆச்சு."