கதவோரத்து நாற்காலி

பெரக்கரை நாட்டு மிளகு கம்பெனிக்குப் பங்குதாரர்கள் நான்கு பேர். அவர்களில் செங்கோடனை நீக்கியே ஆக வேண்டும் என்று மணிவண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். கம்பெனிக்குத் தெரியாமல் பேளுக்குறிச்சிச் சந்தையில் செங்கோடன் மிளகு விற்றுவிட்டாராம். ஆனால் ஒப்பந்தப்படி, ஆளை நேரில் கூப்பிட்டு விசாரிக்காமல் நீக்க முடியாது. கூட்டத்தன்று மற்ற மூவரும் பதினொரு மணி வரை காத்திருந்தார்கள். ஆள் வரவில்லை.

"வந்தாரு, கேட்டாரு, ஒண்ணும் பேசலைன்னு எழுதிரு கண்ணு," என்றார் மணிவண்ணன்.

தீர்மானப் புத்தகம், பங்குதாரர்களில் ஒருத்தியான யமுனாவின் பொறுப்பு. எழுதினாள். எழுதியதோடு விட்டாளா? பொய் நம்பும்படி இருக்க வேண்டுமே என்று, 'கதவோரத்து நாற்காலியில் தலை குனிந்து அமர்ந்திருந்தார்' என ஒரு வரியைத் தானாகவே சேர்த்தாள். இன்னொரு பங்குதாரரான குழந்தைசாமி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் கழித்துச் செங்கோடனின் உடல் கிடைத்தது. மிளகு பறிக்க ஏறிய மரத்தடியில், ஏணியோடு கிடந்தார். விழுந்தது என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் யமுனா புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். கதவோரத்து நாற்காலியில் செங்கோடன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சட்டையில் மிளகுக் காம்பு ஒட்டியிருந்தது. மற்ற இருவர் கண்ணிலும் அவர் படவில்லை. ஆனாலும் மணிவண்ணன் போன் போட்டு நாலு டீ சொன்னார். மூன்று பேருக்கு எதற்கு நாலு என்று யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு வீட்டிலும் பஸ்ஸிலும், கதவு எங்கே இருக்கிறதோ அங்கே அவர் இருந்தார். வாய் திறக்கவில்லை. பேசவில்லை என்றுதானே அவள் எழுதியிருந்தாள்.

செங்கோடன் மனைவி கண்ணாயி நாமக்கல் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். நீக்கியது செல்லாது என்றால் அவர் பங்கு அவளுக்கு வரும். செல்லும் என்றால் ஒன்றும் கிடையாது. எல்லாம் யமுனாவின் சாட்சியில் இருந்தது.

"மாத்திச் சொன்னீன்னா உள்ள போறது நீதான். எழுத்து உன்னுது," என்றார் மணிவண்ணன், கோர்ட் வாசலில்.

யமுனா கூண்டில் ஏறினாள். கண்ணாயியின் வக்கீல் புத்தகத்தை நீட்டினார்.

"அன்றைக்குச் செங்கோடன் கூட்டத்துக்கு வந்தாரா?"

யமுனா கதவைப் பார்த்தாள். அங்கே உட்கார்ந்திருந்தவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வரலீங்க," என்றாள். "அதுக்கப்புறந்தான் தெனமும் வாராருங்க."