அப்பா பேசும் பதினோரு நிமிடம்

உலக சினிமாவின் வரலாற்றை இரண்டே காலமாகப் பிரித்துவிடலாம்: ‘எல்லாரும் உள்ளே வாங்க’ படத்தின் முடிவில் அப்பா பேசும் பதினோரு நிமிடத்துக்கு முன்பு, அந்தப் பதினோரு நிமிடத்துக்குப் பின்பு. இப்படிச் சொல்கிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். அந்தப் பதினோரு நிமிடத்தை எடுத்த இயக்குநர்.

எடுத்து முப்பது வருடம் ஆகிறது. பிறகு இரண்டு படம் எடுத்தார். அவற்றைப் பற்றி அவரே வாய் திறப்பதில்லை என்பதால் நாமும் விட்டுவிடலாம். இப்போது பல் டாக்டர் மாப்பிள்ளையின் வீட்டு மாடியில் மனைவியோடு குடியிருக்கிறார். கீழே கிளினிக். தினமும் காலை பத்து மணிக்கு இறங்கி வந்து, காத்திருப்பவர்கள் நடுவில் உட்கார்ந்து, அந்தக் காட்சியை முதல் வசனத்திலிருந்து விளக்குவார். பாதிப் பேர் வாயில் பஞ்சு இருந்ததால் இதுவரை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

படத்தின் கதை சின்னது. ஒரு வீடு, ஒரே குளியலறை. மூன்று மாப்பிள்ளைகள் இரண்டு நாள் தங்க வந்து ஆறு மாதம் ஆகியும் கிளம்பமாட்டேன் என்கிறார்கள். காலையில் குளியலறை வாசலில் நடக்கும் சண்டைதான் படம். கடைசியில், தோளில் துண்டோடு வரிசையில் நிற்கும் அப்பா பொறுமையிழந்து திரும்பி, “குடும்பம்னா என்ன தெரியுமா?” என்று கேட்பார். கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்வார். பதினோரு நிமிடம்.

மற்ற ஊர்களில் படம் இரண்டாவது வாரத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு ஊரில், ஒரே ஒரு தியேட்டரில், நூற்று நாற்பது நாள் ஓடியது. “அந்த ஊர்க்காரங்களுக்கு மட்டும்தான் மூளை இருந்தது” என்பது இயக்குநரின் முப்பது வருடத் தீர்ப்பு. இப்போது அந்தத் தியேட்டரின் முதலாளியம்மா, பழைய முதலாளியின் மகள், அழைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாகப் படத்தைத் திரும்பப் போடுகிறார்கள். கூட்டம் எப்படி ரசிக்கிறது என்று பார்த்துவிட்டு, இரண்டாம் பாகத்தைத் தானே தயாரிக்கலாமா என்று அன்றைக்கே சொல்லிவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

இயக்குநருக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த வாய்ப்பும் கை நழுவினால் மிச்சம் இருப்பது கிளினிக் பெஞ்சுதான். இரண்டாம் பாகத்தின் கதையை எழுதி வைத்திருந்தார். அதில் அப்பா விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறார்.

“மூணு மாப்பிள்ளை கிளம்பமாட்டேங்குறான்னு படம் எடுத்தவரு, ஒரு மாப்பிள்ளை வீட்டுல ஒம்பது வருஷமா கிளம்பாம இருக்கீங்க. அதை எடுங்களேன், பிச்சுக்கிட்டு ஓடும்” என்றார் மனைவி, ரயிலில்.

“உனக்கு நகைச்சுவை வராது. பேசாம வா.”

இயக்குநர் ஒரு டப்பாவை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தார். அதற்குள் படத்தின் முழுப் பிரதி. இப்போதைய மெஷினில் போடுகிற மாதிரி மாற்றி, சுத்தம் செய்து, ஒரு நொடிகூடக் குறையாமல் தன் பொறுப்பில் வைத்திருந்த பிரதி. தியேட்டரில் இருந்த பழைய பிரதி எப்போதோ மக்கிப்போயிருந்தது.

தியேட்டர் வாசலில் வண்டி நின்றதும் கூட்டம் மொய்த்துக்கொண்டது. வழுக்கைத் தலையோடு ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சார், அந்தக் கடைசி சீன்! எங்க அண்ணனுக்கு மூச்சே நின்னுபோச்சு சார். தண்ணி தெளிச்சு எழுப்பினோம்.”

“எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கலை” என்றார் டிக்கெட் கொடுக்கிற பெண்மணி. “அப்பா வாயைத் திறந்தாலே போதும், மொத்தத் தியேட்டரும் அவுட்.”

இயக்குநர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பார்வையிலேயே முப்பது வருட வாதம் முடிந்துவிட்டது.

“சார், தியேட்டர்னா என்ன தெரியுமா?” என்று வழுக்கைத் தலைக்காரர் திடீரென்று கேட்டார்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு பதிலை ஆரம்பிப்பதற்குள், வரிசையில் நின்ற நாற்பது பேரும் ஒரே குரலில், “தொபுக்!” என்றார்கள். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இயக்குநருக்கு என்னவென்று புரியவில்லை. ஊர்ப் பக்கத்து மரியாதைச் சொல்லாக இருக்கும் என்று நினைத்து, அவரும் கைகூப்பி, நிதானமாக, “தொபுக்” என்றார். ஆரவாரம் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

படம் தொடங்கியது. முதல் பாதியில் சிரிப்பு, கைதட்டல், விசில். இரண்டாவது மாப்பிள்ளை சோப்பைத் தேடும் இடத்தில் முதலாளியம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநர் பக்கத்து இருக்கையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் சில்லறை, உண்மையான படம் இனிமேல்தான்.

வந்தது. குளியலறை வாசல். வரிசை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

“குடும்பம்னா என்ன தெரியுமா?”

எழுநூறு பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். அந்த அமைதியில் இயக்குநருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு எழுநூறு பேரும் “தொபுக்!” என்றார்கள்.

திரையில் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா ஒரு பெருமூச்சு விட்டு, “குடும்பம் என்பது ஒரு மரம்” என்றார்.

அரங்கம் குழம்பிப்போயிற்று. கிளை வந்தது, வேர் வந்தது, வேருக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பற்றித் தனியாக வந்தது. மூன்றாவது நிமிடத்தில் யாரோ, “பெரியவரே, அவங்களைக் குளிக்க விடுங்க!” என்று கத்தினார். ஐந்தாவது நிமிடத்தில் டீ குடிக்க எழுந்தார்கள். ஏழாவது நிமிடத்தில் அப்பா இருமினார்; பின் வரிசையில் யாரோ பதிலுக்கு இருமினார்கள். இருமல் முதல் வகுப்பிலிருந்து பால்கனி வரை பரவியது.

எட்டாவது நிமிடத்தில் முதலாளியம்மா விளக்கைப் போடச் சொன்னார்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எழுந்தார். “எதுக்கு சார் இப்படிப் பண்ணீங்க? நல்லா இருந்த படத்தைக் கம்ப்யூட்டர்ல வச்சுக் கெடுத்துட்டீங்களே! இந்த மரம், வேர் எல்லாம் யாரு கேட்டா?”

“நான் எதையும் சேர்க்கலை. இது ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு.”

“பதினெட்டு தடவை பார்த்திருக்கேன். எனக்கே கதை விடுறீங்களா?”

“சார், இது என்னோட படம்!”

“எங்க படம் சார் இது” என்றார் வாத்தியார். “நூத்தி நாப்பது நாள் ஓட்டுனது நாங்க.”

இயக்குநர் முதலாளியம்மாவைப் பார்த்தார். அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பாகம் ஆவியாகிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது இரண்டாவது வரிசையில் ஒரு கை தயக்கமாக உயர்ந்தது.

“தப்பு என் மேலதான்” என்றார் கைக்குச் சொந்தக்காரர். எழுபது வயது இருக்கும், மெலிந்த உடம்பு. அந்தக் காலத்தில் அங்கே படம் ஓட்டிய ஆப்பரேட்டர். “அந்தப் பேச்சை வெட்டுனது நான்தான் சார். ரெண்டாவது நாளே.”

“வெட்டினீங்களா?”

“முதல் நாள் அந்த இடத்துல தூங்குனவங்களை எழுப்பி வெளியே அனுப்பவே கேட் வாட்ச்மேனுக்கு அரை மணி ஆச்சு. அடுத்த காட்சிக்கு நிக்குறவங்க கதவை உடைக்குறாங்க. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தாரு. கத்திரிக்கோலை எடுத்தேன். எங்கே வெட்டுறதுன்னு ரொம்ப யோசிக்கலை சார். அப்பா கேள்வி கேக்குறாரு, நறுக். பேச்சு முடிஞ்ச உடனே மூணாவது மாப்பிள்ளை கால் வழுக்கித் தண்ணித் தொட்டிக்குள்ள விழுவாரில்ல, அங்கே கொண்டுபோய் ஒட்டிட்டேன்.”

அரங்கத்தில் ஒருவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்: “குடும்பம்னா என்ன தெரியுமா? தொபுக்.” மறுபடியும் தியேட்டர் குலுங்கியது. இயக்குநரின் மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். பலன் இல்லை. முப்பது வருடத்தில் கணவரின் படத்துக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நூற்று நாற்பது நாள். மூச்சு நின்ற அண்ணன். கண்ணில் தண்ணீர். எல்லாமே ஒரு கத்திரிக்கோலுக்குச் சேர வேண்டியவை என்பது இயக்குநருக்கு நிதானமாக, படிப்படியாக உறைத்தது.

“வெட்டுன துண்டை என்ன பண்ணீங்க?” என்று கேட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“வீட்டுல பத்திரமா இருந்தது சார். அப்புறம் சூரிய கிரகணம் வந்தப்போ பசங்க கண்ணுக்கு வச்சுப் பார்க்கட்டும்னு தெருவுக்கே துண்டு போட்டுக் கொடுத்துட்டேன். அப்படிப் பார்க்கக்கூடாதுன்னு அப்போ யாருக்குத் தெரியும்? அப்பா இருமுற இடத்துல சூரியன் நல்லாவே தெரிஞ்சுது.”

முதலாளியம்மா இயக்குநரையும் ஆப்பரேட்டரையும் வெளிவராந்தாவுக்கு அழைத்துப் போனார். மனைவியும் கூடவே வந்தார். கழிப்பறைக்குப் போகிற வழி அது. ஒரு பக்கம் பாப்கார்ன் மெஷின் பொரிந்துகொண்டிருந்தது.

“இதோ பாருங்க சார். ரெண்டாம் பாகம் பண்ண எனக்கு ஆசைதான். ஆனா ஒரு நிபந்தனை. எதை வைக்கணும், எதை வெட்டணும்னு கடைசி முடிவு இவர் எடுக்கணும். இவர் வெட்டினா வெட்டினதுதான்.”

“ஐயோ, எனக்கு எதுக்கும்மா?” என்றார் ஆப்பரேட்டர். “கண்ணு வேற சரியா தெரியலை.”

“வாட்ச் தெரியுமில்ல? போதும்.”

“என்னங்க,” என்று மனைவி இயக்குநரின் காதருகே குனிந்தார், “ரோஷம் கீஷம்னு ஆரம்பிச்சுடாதீங்க. கிளினிக்குல நாளைக்குப் பத்து அப்பாயின்மென்ட் இருக்கு. அவங்களையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க.”

இதைப் பற்றி இயக்குநர் பின்னர் பத்திரிகை ஒன்றுக்கு விரிவாகப் பேட்டி கொடுத்தார். ஒரு படைப்பாளி தன் குழந்தையின் கையை வெட்டச் சம்மதிப்பது எவ்வளவு கொடுமை என்றார். மூன்று நாள் சாப்பிடவில்லை என்றார். ரசிகர்களின் அன்புக்கு முன்னால் கலைஞனின் பிடிவாதம் மண்டியிட்டது என்றார். பேட்டி எடுத்தவர் அதையே தலைப்பாக வைத்தார்.

உண்மையில் முதலாளியம்மா நிபந்தனையைச் சொன்ன நான்காவது நிமிடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் மேசை இல்லாததால், ஆப்பரேட்டரைக் குனியச் சொல்லி அவர் முதுகில் வைத்துப் போட்டார்.