குதிகால் இடிக்கவில்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. நீளமான பொய் இல்லை, ஒரே ஒரு சொல். சொன்னவள் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியை எழுதுவது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். எளிதாக இல்லை. நீங்களே பாருங்கள், முதல் இரண்டு தொடக்கங்கள் வீணாகிவிட்டன.

(அ) மிசூலாவில் சைக்கிள் வாங்க வருகிற எல்லோரும் முதலில் வண்டியைத் தூக்கித்தான் பார்ப்பார்கள், ஏதோ அதைத் தோளில் சுமந்துகொண்டு

(ஆ) லோரெட்டா என்றொரு பெண்ணுக்கு, நாற்பத்தாறாவது வயதில், கடல்வரை சைக்கிளில் போக வேண்டும் என்று

(இ) என் அம்மா

(ஆ)வில் அம்மாவை யாரோ ஒரு பெண்ணாக மாற்றப் பார்த்தேன். இரண்டு பக்கம்கூடத் தாங்கவில்லை. அந்த லோரெட்டா பேசியதெல்லாம் அம்மா பேசியதாகவே இருந்தது. ஆகையால் (இ).

2

என் அம்மா லோரெட்டா, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். இந்த வருடம் மூன்று வாரம் விடுப்பு கேட்டு வாங்கியிருக்கிறாள். எங்கள் ஊர் மிசூலாவிலிருந்து லோலோ மலைக்கணவாய் ஏறி, ஐடஹோ மாநிலம் தாண்டி, ஆஸ்டோரியாவில் கடலைப் பார்க்கும்வரை சைக்கிள். அங்கே அவளுடைய தோழி கெயில் இருக்கிறாள். கெயில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம்.

"போய்ப் பாக்கறேன். ஊரு புடிச்சுதுன்னா யோசிக்கலாம்," என்றாள் அம்மா.

'யோசிக்கலாம்' என்ற சொல்லில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிவதில்லை. ஒருவராகவும் இருக்கலாம், இருவராகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை.

[இங்கே என்னைப் பற்றி ஒரு பத்தி இருந்தது, பள்ளியை ஏன் விட்டேன் என்று. கிழித்துவிட்டேன். இது சைக்கிள் கதை.]

3

அம்மாவின் வரம்பு ஆயிரத்து இருநூறு டாலர். அதற்குள் வெண்டெலின் சைக்கிள் கடையில், ஆட்டுக்கொம்பு போல வளைந்த கைப்பிடியுடன் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று கரும்பச்சை. எஃகுச் சட்டம், நீளமான உடல், தடித்த டயர். இன்னொன்று ஆரஞ்சு. யாரோ இரண்டு வருடம் ஓட்டிவிட்டு விற்றது. அம்மா இரண்டையும் பை மாட்டாமல் வெறும் வண்டியாகத் தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்திருந்தாள். ஆரஞ்சிலிருந்து இறங்கும்போது முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"ஒரு விரல்ல தூக்கிடலாம் போலிருக்கே," என்று தூக்கியும் காட்டினாள்.

"நீ வண்டியத் தூக்கப் போறியா, வண்டி உன்னத் தூக்கப் போகுதா?" என்றார் வெண்டெல்.

"லோலோவுல பாதி தூரம் நான்தான தள்ளணும்? கனமில்லாம இருக்கட்டுமே."

"பச்சைய தள்ளவே வேணாம். முன்னாடி மூணு பல்சக்கரம் இருக்கு பாரு. சின்னதுல போட்டுட்டு உக்காந்துக்கோ. நடக்கற வேகத்துல தானா ஏறும்."

"நடக்கற வேகத்துல போறதுக்கு எதுக்கு வெண்டெல் ஆயிரத்து நூறு டாலர்? நல்ல செருப்பா ஒண்ணு வாங்கிக்கறேன்."

டியூப் வாங்க வந்து நின்றிருந்த ஆள் சிரித்துவிட்டார்.

வெண்டெல் அம்மாவின் பூட்ஸைப் பார்த்தார். "இது காலா, படகுத் துடுப்பா? ஆரஞ்சுல பின்சக்கரம் பெடலுக்கு ரொம்பக் கிட்ட. கேரியர்ல பைய மாட்டினா குதிகால் போய் இடிக்கலாம். பையோட ஒரு சுத்து போய்ட்டு வா."*

"இந்த மழையிலயா? நான் மாட்டேம்ப்பா."

அப்போது கடைத் தொலைபேசி அடித்தது. "டெல்லா, அம்மா பூட்ஸ வாங்கி பெடல்ல வச்சுச் சுத்திப் பாரும்மா," என்று என்னிடம் சொல்லிவிட்டு வெண்டெல் உள்ளே போனார்.

* அந்தப் பைகளுக்குள் சாமான் இருக்காது, பூனைக்குப் போடும் மணல் மூட்டைகள் இருக்கும். பக்கத்துக்குப் பதினைந்து பவுண்டு. காலி வண்டியை ஓட்டிவிட்டு வாங்குகிறவர்கள் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையோடு ஆடைக் கடையில் மட்டும் பழகியவர்கள் மாதிரி என்பார் வெண்டெல்.

4

இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதிவிட்டேன். நான்கு முறை நான் நல்லவளாக இருந்தேன்.

அம்மா ஒற்றைக் காலுறையோடு பெஞ்சில் உட்கார்ந்து, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முட்டிபோட்டுப் பையை மாட்டினேன். பூட்ஸைப் பெடலில் அழுத்திப் பிடித்து மெல்லப் பின்னுக்குச் சுற்றினேன். குதிகால் பையில் 'டப்' என்று இடித்தது. பையை இன்னும் பின்னால் தள்ளினேன். கேரியரில் அதற்கு மேல் இடமில்லை. மறுபடியும் டப்.

உள்ளேயிருந்து வெண்டெல் குரல் கொடுத்தார். "இடிக்குதா?"

கடைகளில் நான் வாய் திறக்கிறவள் இல்லை. என்னிடம் கேட்டால் அம்மாதான் பதில் சொல்வாள். அன்று நான் சொன்னேன்.

"இடிக்கல."

அம்மா திரும்பிப் பார்த்தாள். நான் பேசியதற்குத்தான் பார்த்தாள், அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "என் பொண்ணே சொல்லிட்டா. ஆரஞ்சையே எடுத்துக்கறேன் வெண்டெல்."

"நாளைக்குத்தான் பின்சக்கரத்தச் சரிபார்த்துத் தருவேன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள மனசு மாறினா கொண்டு வா," என்றார்.

5

அந்தச் சொல்லை நான் எதற்குச் சொன்னேன் என்பதற்குப் பதில் இந்த முடிவுதான்:

முதல் முடிவு. கால் பையில் இடித்து இடித்து, அம்மா இரண்டாம் நாளே திரும்பி வருகிறாள். "போதும் சாமி," என்று பூட்ஸைக் கழற்றி எறிகிறாள். நான் சூப் சூடாக்குகிறேன். ஆஸ்டோரியா பற்றி யாரும் பேசுவதில்லை.

நன்றாகத்தான் வந்தது. ஆனால் படித்துப் பார்த்தபோது கதாபாத்திரம் பொருந்தவில்லை. திரும்பி வருகிறவள் என் அம்மா இல்லை. சலவை வண்டி ஏறிக் கால்விரல் எலும்பு முறிந்தபோது, விரலைப் பக்கத்து விரலோடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவள் அவள். குதிகால் இடித்தால் பாதத்தை முன்னே தள்ளி, விரல் நுனியால் மிதித்துக்கொண்டு போவாள். ஆகவே அவளை அவள் போக்கில் விட்டு எழுதினேன்.

இரண்டாம் முடிவு. கணவாயின் உச்சியில் நின்று தண்ணீர் குடிக்கிறாள். அந்தப் பக்கம் இறக்கம், ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகும் சாலை. மழை. விரல் நுனி மட்டும் பெடலில். வளைவில் காலை மாற்றி வைக்கிறாள், குதிகால் பையில் மாட்டுகிறது, பின்னால் மரம் ஏற்றிய லாரி

அதற்கு மேல் எழுதவில்லை.

நான் அவள் திரும்பி வருவதை மட்டும்தான் நினைத்தேன். லாரியை நினைக்கவே இல்லை. கதை எழுத உட்கார்ந்திருக்காவிட்டால் நினைத்திருக்கவும் மாட்டேன்.

6

மூன்றாம் முடிவு என்னிடம் இல்லை. உன்னிடம் நேரில் சொல்லலாம் என்று நேற்று இரண்டு முறை சமையலறைக்கு வந்தேன். இரண்டு முறையும், "என்ன கண்ணு, பசிக்குதா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

இதுவரை உன்னை யாரோ ஒரு வாசகராக நினைத்து, 'நீங்கள்' என்று எழுதினேன். அப்படித்தான் கை ஓடியது.

இன்று சனிக்கிழமை. உனக்குப் பாதி நாள் வேலை. இந்த நோட்டை உன் சாப்பாட்டுப் பையில், ரொட்டிக்கு அடியில் வைக்கிறேன். இதை யாரும் படித்ததில்லை. பன்னிரண்டு மணிக்கு எடுப்பாய். கடை ஆறு மணிவரை திறந்திருக்கும். கோபப்படுவதற்குக்கூட நேரம் இருக்கிறது.

பச்சை வண்டி இன்னும் விற்கவில்லை. நேற்றுக் காலையில் நீ வேலைக்குப் போனபிறகு போய் வெண்டெலிடம் கேட்டேன், வாய் திறந்துதான் கேட்டேன். பூனை மணல் பைகளை அதில் மாட்டி, உன் பழைய பூட்ஸை வைத்துப் பத்து முறை சுற்றிப் பார்த்தேன். நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது அம்மா. அதில் ஏறினால் நீ கடல்வரை போய்விடுவாய்.